பேருக்கு டிரஸ்டியா, பொறுப்புக்கு டிரஸ்டியா: சிறு அறக்கட்டளை அறங்காவலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

“அண்ணாச்சி, சும்மா பேருக்குத்தான். வருசத்துக்கு ஒரு கையெழுத்து.” திருநெல்வேலிச் சீமையில் அறங்காவலர் ஆனவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஆனார்கள். பேருக்கு அறங்காவலர் என்று ஒரு வகை சட்டத்தில் கிடையாது. கையெழுத்துப் போட்டவர் எல்லாருக்கும் ஒரே பொறுப்பு.

கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, அன்னதானம், படிப்பகம், முதியோர் இல்லம் என்று நடக்கும் சிறு, நடுத்தரப் பொது அறக்கட்டளைகளுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு எழுதிக்கொடுக்கும் வேலையில் இருப்பதால், புதிதாக வந்தவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பத்திரத்தை வாசிக்காமல் வங்கிக்குப் போனவர்களும், பட்டாவைப் பார்க்காமல் கட்டடம் எழுப்பியவர்களும்தான் பிற்பாடு அதிகம் அலைகிறார்கள்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை: பதிவான அறக்கட்டளைப் பத்திரமும் அதன் திருத்தப் பத்திரங்களும், பான் அட்டை, 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு) மற்றும் 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவு உத்தரவுகள், கடைசி 3 வருடத் தணிக்கை அறிக்கை, எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கை, தீர்மானப் புத்தகம், சொத்துப் பத்திரங்கள். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

1. ஒப்புக்கொள்ளுமுன் பத்திரத்தை வாசியுங்கள்

அறங்காவலர் பொறுப்பை ஏற்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஏற்றுக்கொண்டபின் நினைத்த நேரத்தில் உதறிவிட முடியாது. பத்திரம் அனுமதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நுழைவது எளிது, வெளியே வருவது கடினம் என்பதால்தான் வாசிப்பு முதலில் வருகிறது.

பத்திரத்தில் ஐந்து இடங்களைத் தேடுங்கள். நோக்கங்கள் என்ன? அறங்காவலர்களை நியமிப்பதும் நீக்குவதும் யார் கையில்? முடிவெடுக்க எத்தனை பேர் வேண்டும்? சொத்தை விற்க, அடமானம் வைக்க அதிகாரம் எழுதியிருக்கிறதா? அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து எங்கே போகும்?

நோக்கம் என்ற பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘ஏழை மாணவர் கல்வி’ என்று மட்டும் எழுதியிருக்கும் அறக்கட்டளை, வெள்ள நிவாரணத்துக்கு அரிசி மூட்டை வாங்கினால் அது நல்ல காரியம்தான்; ஆனாலும் பத்திர மீறல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இது பல இடங்களில் நடந்தது. மனசு நல்லதாக இருந்தது என்பது பதிலாகாது. அப்படிச் செய்ய விரும்பினால் தனியாக வசூலித்துத் தனியாகச் செலவழிக்கலாம். கல்விக்கென்று வந்த பணத்தைத் தொடக்கூடாது.

இன்னொன்று, இந்தப் பக்கத்தில் அதிகம் பார்ப்பது: ‘இன்ன சமுதாயத்தாரின் நலனுக்காக’ என்று எழுதிய பத்திரங்கள். 1962 ஏப்ரல் 1-க்குப் பிறகு குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கோ சாதியினருக்கோ மட்டும் என்று தொடங்கிய தர்ம அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அறக்கட்டளைகளுக்கு விதிவிலக்கு உண்டு. பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதித் தந்த ஒரு வரி, பல வருட வரியாக வந்து நிற்கும்.

2. எந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஊரில் எல்லாவற்றையும் ‘டிரஸ்ட்’ என்று சொல்லிவிடுவோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

சங்கமாகப் பதிந்திருந்தால் 1975-ன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். மாவட்டப் பதிவாளருக்கு வருடந்தோறும் கணக்கு போக வேண்டும். கோயில் கட்டளை என்றால் 1959-ன் இந்து சமய அறநிலையச் சட்டம். வக்ஃப் சொத்துக்குத் தனிச் சட்டம். அந்த மூன்றும் இந்த வழிகாட்டியில் இல்லை.

சார்பதிவகத்தில் பதிந்த பொது அறக்கட்டளைக்குத் தமிழ்நாட்டில் தனி ஆணையர் கிடையாது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உண்டு. இங்கே சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவார், அதோடு அவர் வேலை முடிந்தது. வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கிற இடம் வருமான வரித்துறை ஒன்றுதான். இதனால் பலர் கேட்பாரில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேட்க ஆள் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 92-ன்படி, அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கு, கணக்குக் காட்டச் சொல், நிர்வாகத் திட்டம் வகுத்துக் கொடு என்று எல்லாம் கேட்கலாம். 1920-ன் அறநிலைய, சமய அறக்கட்டளைகள் சட்டத்தின்படி கணக்கு விவரம் கேட்டு ஒருவரே மனுக் கொடுக்கவும் வழி உண்டு. ஊரில் ஒரு மனத்தாங்கல் வந்தால் போதும், விஷயம் பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு வந்துவிடும்.

1882-ன் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. பொது அறக்கட்டளைக்கு அது நேராகப் பொருந்தாவிட்டாலும், அறங்காவலரின் கடமை என்று வரும்போது நீதிமன்றங்கள் அதே கொள்கைகளைத்தான் கையில் எடுக்கின்றன. அதன் அளவுகோல் எளிமையானது: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அவ்வளவு கவனம்.

3. சொத்தை நேரில் போய்ப் பாருங்கள். பிறகு பட்டாவைப் பாருங்கள்

சொத்தின் நிலையைத் தெரிந்துகொள்வதும், அதன் உரிமையைக் காப்பதும் அறங்காவலரின் முதல் கடமைகள். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது. தாமதமானால், நீங்கள் வருமுன் நடந்த குறைக்கும் உங்களுக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

முதலில் பட்டியல் எழுதுங்கள். நிலம், கட்டடம், வைப்புத்தொகை, வாகனம், பாத்திர பண்டம், நாற்காலி வரை. பிறகு ஒவ்வொரு நிலத்துக்கும் பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம், வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து ஒன்றோடொன்று ஒத்துப்பாருங்கள். பழைய பத்திரங்களில் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருக்கும். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்துவிட்டன. ஆகவே கிராமம் இப்போது எந்த வட்டம், எந்தச் சார்பதிவகம் என்று பார்த்துவிட்டுத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனுப்போட்டுத்தான் வில்லங்கம் பார்க்க வேண்டும்.

இங்கே மாட்டுகிற இடம் ஒன்றேதான். நிலம் தானமாக எழுதியாகிவிட்டது, பட்டா மட்டும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. அவர் இருக்கிறவரை யாரும் பேசமாட்டார்கள். அவர் காலமான பின் பேரன்மார் வாரிசுச் சான்றோடு தாலுகா ஆபீசுக்குப் போவார்கள், பட்டா அவர்கள் பேருக்கு மாறும், அப்புறம் விற்பனை. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் வழக்கு முடிய எத்தனை வருடம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளை பேருக்குப் பட்டா மாறுதல் மனுவை இன்றே கொடுங்கள்.

பட்டா மாறும்போது நிர்வாக அறங்காவலரின் சொந்தப் பேரில் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இன்ன அறக்கட்டளைக்காக நிர்வாக அறங்காவலர்’ என்றுதான் பதிய வேண்டும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் உடனே அறிவிப்பு அனுப்புங்கள். வெளியாள் ஒருவர் தன் சொத்து என்றே பகிரங்கமாக 12 வருடம் அனுபவித்துவிட்டால், மீட்கும் உரிமை போய்விடும். “நம்ம ஆளுதானே, கோழிக்கூண்டு ஒண்ணு வச்சிருக்கான்” என்று விட்ட இடத்தில் பிறகு மாடி வீடு நிற்கும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயல் உள்ள பழைய தர்மங்கள் நிறைய. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் பாட்டம் (குத்தகை) நெல்லாகவே அளந்து வாங்கும் வழக்கம் இருந்த இடங்களில் கணக்கு வாய்வார்த்தையாகவே இருக்கும். நெல்லாக வாங்கினால் எத்தனை கோட்டை, அன்றைய விலை என்ன, யாருக்கு விற்றது என்று மூன்றையும் எழுதி, குத்தகைக்காரருக்கு ரசீது கொடுங்கள். பொது அறக்கட்டளைகளின் வேளாண் நிலத்துக்கென்று தமிழ்நாட்டில் 1961-ன் தனிச் சட்டம் உண்டு. குத்தகைதாரரை நாமாகப் போய் இறங்கு என்று சொல்ல முடியாது, அதன் வழியில்தான் போக வேண்டும்.

விற்பனை பற்றி ஒரு வார்த்தை. பத்திரத்தில் விற்கும் அதிகாரம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் விற்காதீர்கள். அதிகாரம் இருந்தாலும், அறங்காவலரோ அவர் வீட்டாரோ வாங்கக் கூடாது. இந்த இடத்தில் வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் அல்ல.

4. வங்கிக் கணக்கும் காசோலையும்

கணக்கு அறக்கட்டளையின் பான் எண்ணில், அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். நிறுவனரின் சேமிப்புக் கணக்கில் நன்கொடை வாங்குவதும், கூகுள் பே எண்ணைச் செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணாகக் கொடுப்பதும் இப்போது பரவியிருக்கும் வழக்கம். அந்தப் பணம் சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானமாகத் தோன்றும். அறக்கட்டளையின் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலந்த குற்றமும் சேரும்.

குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். அதைவிட முக்கியம், வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் அறங்காவலர் ஒரு புத்தகம் முழுக்கக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே சாதாரணம். தன் கடமையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட அறங்காவலருக்கு உரிமை இல்லை. வெளியூரில் இருப்பவர் கையெழுத்திடும் பொறுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, இணையத்தில் கணக்கைப் பார்க்கும் வசதியை வைத்துக்கொள்வதே நல்லது.

5. கூட்டம் நடத்தி, தீர்மானம் எழுதுங்கள்

அறங்காவலர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது பொதுவிதி. பெரும்பான்மை போதும் என்று பத்திரம் சொன்னால் அதுபடி. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் உயர்த்தியது தீர்மானம் ஆகாது.

தீர்மானத்தில் தேதி, வந்தவர்கள், எவ்வளவு தொகை, யாருக்கு, எந்த நோக்கத்தின் கீழ் என்பவை இருக்கட்டும். நீங்கள் உடன்படாவிட்டால் மறுப்பையும் எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு உங்களைக் காப்பாற்றும் ஒரே காகிதம் அதுதான். வருடக் கடைசியில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத் தீர்மானத்தையும் ஒரே மையில் எழுதுகிறவர்கள் உண்டு. ஆடிட்டர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார், எதிர்த்தரப்பு வக்கீலும்.

6. உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் எதுவும் போகக் கூடாது

மிக நல்லவர்கள்கூடச் சறுக்கும் இடம் இது. யாரும் திருடுவதில்லை. மைனி பேரில் உள்ள கடையில் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள், மச்சானுக்குக் கட்டட ஒப்பந்தம் கொடுப்பார்கள், மகனை மேலாளராகப் போடுவார்கள்.

பத்திரம் சொல்லாத வரையில் அறங்காவலருக்குச் சம்பளம் கேட்கும் உரிமை இல்லை. பஸ் கட்டணம், ஜெராக்ஸ், பதிவுக் கட்டணம் போன்ற கையிலிருந்து போட்ட செலவைத் திரும்பப் பெறலாம், ரசீதோடு.

வருமான வரிச் சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது: பெரிய தொகை கொடுத்தவர், நிறுவனர், அறங்காவலர், நிறுவனர் அறங்காவலர்களின் உறவினர், நிறுவனரோ அறங்காவலரோ அவர்கள் உறவினரோ கணிசமான பங்கு வைத்திருக்கும் தொழில். இவர்களுக்கு வட்டியோ ஈடோ இல்லாமல் கடன், குறைந்த வாடகைக்கு இடம், நியாயத்துக்கு மேல் சம்பளம், சந்தை விலைக்கு மேல் கொள்முதல் என்று எது போனாலும் அந்தத் தொகைக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் வரும்.

உறவினரிடம் வாங்கியே தீர வேண்டும் என்றால், மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். சம்பந்தப்பட்ட அறங்காவலர் அந்தப் பேச்சின்போது எழுந்து வெளியே போகட்டும். போனதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். உள்ளூரில் இதைச் சொன்னால் “என்னய்யா நம்ம மேலயே நம்பிக்கை இல்லையா” என்பார்கள். கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

7. மீதிப் பணத்தை எங்கே போடுவது

வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, வங்கித் தொழில் செய்யும் கூட்டுறவுச் சங்கம், அரசுப் பத்திரம், அசையாச் சொத்து என்று சட்டம் வழிகளை வரையறுத்திருக்கிறது. சீட்டு, நகைக்கடைத் திட்டம், தெரிந்தவரின் வியாபாரத்துக்கு வட்டிக்கு விடுவது எதுவும் அதில் இல்லை. வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறதே என்பது வாதமாகாது. ஒரு தவறான முதலீட்டில் வந்த லாபத்தை இன்னொன்றில் வந்த நட்டத்தோடு கழித்துக்கொள்ளவும் முடியாது. நட்டம் அறங்காவலரின் கையிலிருந்து.

8. வரிக் கடமைகள், நாள்காட்டி வரிசையில்

1961-ன் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. இங்கே பழைய எண்களையே சொல்கிறேன், ஆடிட்டர்களும் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். தாக்கல் செய்யும்போது புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்கொடையும் வருமானமே. ‘எங்களுக்கு வருமானமே இல்லை, எல்லாம் நன்கொடை’ என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மூலநிதிக்கு (முதலாகவே வைத்திருக்கும் நிதிக்கு) என்று கொடுப்பவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் அது தனி. அந்தத் தொகையைத் தனியாக, மேலே சொன்ன வழிகளில் போட்டு வைக்க வேண்டும். அதன் வட்டி வருமானம்தான்.

மார்ச் 31-க்குள் அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் உண்மையிலேயே போயிருக்க வேண்டும்; கடன் சொல்லி வைத்த பில் கணக்கில் சேராது. ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த செலவும் சேராது. பெரிய வேலைக்காகச் சேர்த்து வைப்பதென்றால், என்ன வேலை என்று குறிப்பிட்டுப் படிவம் 10 தாக்கல் செய்து 5 வருடம் வரை வைத்துக்கொள்ளலாம். ‘அறக்கட்டளை நோக்கங்களுக்காக’ என்று பொதுவாக எழுதினால் சிக்கல்.

மே 31-க்குள், 80ஜி உள்ளவர்கள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் தாக்கல் செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு உறவு கெடும். பெயர் முகவரி இல்லாத உண்டியல் பணம் ஓர் அளவுக்கு மேல் போனால் 30 சதவீத வரி.

80ஜி உள்ள அறக்கட்டளை சமய காரியத்துக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) ஊர்ப்பங்கு கேட்டு ஊர்க்காரர்கள் வந்து நிற்கும்போது இந்த எண் ஞாபகம் இருக்கட்டும். நோக்கத்தில் சமய காரியம் இல்லையென்றால் அந்த 5 சதவீதமும் இல்லை. கொடைக்கு உங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுங்கள்.

வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய அறக்கட்டளை தணிக்கை அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள்ளும், ஐடிஆர்-7 என்ற படிவத்தில் வருமான வரிக் கணக்கை அக்டோபர் 31-க்குள்ளும் தாக்கல் செய்யும். இது வழக்கமான கெடு. சில வருடம் நீட்டுவார்கள், நீட்டுவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். புத்தகங்கள், வவுச்சர்கள் 10 வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். கரையான் தின்றது என்று சொன்னால் கேட்கமாட்டார்கள்.

கடைசியாகப் பதிவின் காலாவதி. தற்காலிகப் பதிவு 3 வருடம். முழுப் பதிவு 5 வருடம்; வருமானம் 5 கோடிக்குள் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தால் 12ஏ பதிவு 10 வருடம் கிடைக்கும். 80ஜி-க்கு அந்த நீட்டிப்பு வரவில்லை. இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைத்து 80ஜி-யைத் தவறவிடுவார்கள். முடிவதற்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 12ஏ பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த வருட வருமானத்தோடு நிற்காது, அறக்கட்டளையின் நிகர சொத்து மதிப்புக்கே அதிகபட்ச விகிதத்தில் வரி கேட்கலாம். கட்டாவிட்டால் அறங்காவலரையும் பிடிப்பார்கள். நோக்கத்தைத் திருத்தினால் 30 நாளுக்குள் மறுபடி விண்ணப்பம்.

9. வெளிநாட்டுப் பணம்

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு அனுப்புகிறார்கள். அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், வீரவநல்லூரில் பிறந்தவரே ஆனாலும் அது வெளிநாட்டுப் பணம். 2010-ன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அனுமதி உள்ளவர்கள் டெல்லி ஸ்டேட் வங்கியின் குறித்த கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும்.

வங்கி எண்ணைக் கொடுக்குமுன் பாஸ்போர்ட் நகல் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால், பணம் வந்தபின் திருப்பி அனுப்புவது அதைவிடக் கூச்சம்.

10. சக அறங்காவலர் தவறு செய்தால்

இன்னொருவர் செய்த தவறுக்கு நீங்கள் பொதுவாகப் பொறுப்பல்ல. மூன்று சூழலில் பொறுப்பாகிவிடுவீர்கள்: பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு என்ன ஆயிற்று என்று பார்க்காவிட்டால், அவர் வாங்கியதைப் பற்றி விசாரிக்காவிட்டால், தவறு தெரிந்தும் மறைத்தால் அல்லது நியாயமான காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால்.

தெரிந்த அன்றே எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கூட்டம் கூட்டித் தீர்மானம், அதன்பின் வங்கிக்கு எழுத்து மூலம் அறிவிப்பு, கடைசியாக நீதிமன்றம். பணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 316-ன் கீழ் நம்பிக்கை மோசடி. 5 வருடம் வரை சிறை. என்ன செய்வது என்று உங்களுக்கே குழப்பம் இருந்தால், 1920-ன் சட்டத்தின்படி அறங்காவலரே நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்டு மனுப்போட வழி இருக்கிறது. பெரும்பாலோர்க்கு இது தெரியாது.

11. விலகும்போது

கூட்டத்தில் ‘நான் வரல’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவது விலகல் அல்ல. பத்திரத்தில் உள்ளபடி கடிதம் கொடுத்து, ஏற்றுத் தீர்மானம் எழுதி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நியமன, விலகல் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று பத்திரம் சொன்னால் சார்பதிவகத்துக்கும் போக வேண்டும். சொத்துப் பட்டியல், காசோலைப் புத்தகம், மூலப் பத்திரங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். வங்கியில் உங்கள் கையெழுத்தை நீக்கக் கோரும் கடிதத்துக்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

வருமான வரி இணையதளத்தில் அறக்கட்டளையின் கணக்கு உங்கள் கைப்பேசி எண்ணோடும் மின்னஞ்சலோடும் கட்டப்பட்டிருக்கும். துறை அனுப்பும் அறிவிப்பெல்லாம் அதற்குத்தான் வரும், நீங்கள் விலகி வருடங்கள் ஆனாலும். எண்ணை மாற்றியபின், புதியவரின் கைப்பேசிக்கு ஓடிபி வருகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.